பினாயில், ஆசிட், கைகழுவும் திரவம் தயாரிக்கும் சிறு பட்டறை எந்தெந்த ஏடுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

காங்கயம் சுத்தப்பொருள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, எங்கள் தோட்டத்து ஓரத்தில் இருந்த பழைய தறிக் கொட்டகையில், நானும் என் மனைவியும் நான்கு வேலையாட்களுமாகச் சேர்ந்து வெள்ளைப் பினாயில், பாத்திரம் கழுவும் திரவம், கழிவறை கழுவும் ஆசிட், கைகழுவும் திரவம் ஆகிய நான்கையும் தயாரித்து, தாராபுரம், மூலனூர், சென்னிமலை வரையிலான மளிகைக் கடைகளுக்குப் போட்டு வருகிறோம். வாரத்துக்குச் சுமார் 1,500 லிட்டர் போகிறது.

எங்களிடம் உள்ள ஏடுகளைச் சொல்லிவிடுகிறேன். கொள்முதல், விற்பனைப் பில்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ளன. அவற்றைக் கணக்கர் பார்த்துக்கொள்கிறார். கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு 200 பக்க நோட்டு தொங்குகிறது. அதில் வேலையாள் 'பினாயில் 2 டேங்க்' என்று தேதி போட்டு எழுதுவார். சில பக்கங்களில் பைன் ஆயில் பட்டு மை பரவி, தேதியே தெரியாது. உரிமம் வாங்கியபோது ஆலோசகர் நிரப்பிக் கொடுத்த கோப்பு ஒன்று பீரோவில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அதை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

போன மாதம் தாராபுரத்துக் கடைக்காரர் ஒருவர் 43 பாட்டில் பினாயிலைத் திருப்பி அனுப்பினார். மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மஞ்சள் எண்ணெய் மிதக்க, கீழே அரிசி கழுவிய தண்ணீர் போல் ஒன்று நின்றது. அதே மாதத்தில் மற்ற கடைகளுக்குப் போன சரக்கில் பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. எந்தத் தொட்டியில் கலந்த சரக்கு பிரிந்தது, அது வேறு யார் யாருக்குப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியாததால், கடை கடையாக ஏறி இறங்கிக் கிட்டத்தட்ட 600 பாட்டில்களைத் திரும்ப எடுத்து வந்து கொட்ட வேண்டியதாயிற்று. பணம் போனதைவிட, 'எது கெட்டது என்று உங்களுக்கே தெரியாதா' என்று கடைக்காரர் கேட்டதுதான் உறுத்துகிறது.

இதற்கிடையே ஈரோட்டில் உள்ள ஒரு மருத்துவமனை, ஆண்டு ஒப்பந்தம் வேண்டுமானால் பேட்ச் ஏடும் (ஒவ்வொரு முறை கலந்த சரக்கின் குறிப்பு), பொருளின் அபாயங்களைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளும் காட்ட வேண்டும் என்கிறது. எங்கள் கணக்கர் ஆறு ஆண்டு ஏடு வேண்டும் என்கிறார்; உரிம ஆலோசகர் மூன்று ஆண்டு என்கிறார்; இதே தொழில் செய்யும் உறவினரோ, குறுந்தொழிலுக்கு எதுவுமே வேண்டாம் என்கிறார். எது சரி? எதை எழுதுவது, எவ்வளவு காலம் வைப்பது, கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் கணக்கரும் ஆலோசகரும் இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவரவர் அவரவர் சட்டத்தைச் சொன்னார்கள். சரக்கு ஒன்றுதான் என்றாலும் அதைக் கேள்வி கேட்கும் துறைகள் பல. நான் வரிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு கணக்கு ஏடுகளைப் பற்றியது; 36ஆம் பிரிவு அவற்றைக் காத்து வைக்க வேண்டிய காலத்தைப் பற்றியது. அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்வதற்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் என்பது விதி. 2024-25 நிதியாண்டை எடுத்துக்கொண்டால், அதற்குரிய கெடு 31.12.2025, ஆகவே அந்த ஆண்டின் ஏடுகள் 31.12.2031 வரை இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு என்று எண்ணிப் பழைய கட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறவர்கள் ஒன்பது மாதம் முன்னதாகவே போட்டுவிடுகிறார்கள். மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஓராண்டு வரையிலோ மேற்சொன்ன காலம் வரையிலோ, எது பிந்தியதோ அதுவரை, அது தொடர்பான ஏடுகளை வைத்திருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஏடு என்றால் பில் மட்டும் என்று நினைக்கிறோம். இதே வரிச் சட்டத்துக்கான விதிகளில் விதி 56-இன் 12ஆம் உட்பிரிவு, பொருள் தயாரிக்கும் ஒவ்வொருவரும் மாதந்தோறும் உற்பத்திக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது: எவ்வளவு மூலப்பொருள் செலவாயிற்று, எவ்வளவு சரக்கு தேறியது, எவ்வளவு கழிவு போயிற்று என்பதை அளவோடு எழுத வேண்டும். உங்கள் ஆணி நோட்டு உண்மையில் இந்தக் கணக்கின் மூலம்தான். அது அரைகுறையாக இருந்தால் டேலியில் இருப்பது வெறும் பணக் கணக்கு. பாத்திரம் கழுவும் திரவத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆசிட் ஸ்லரி (அழுக்கெடுக்கும் மூலப்பொருள்) போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 3,000 கிலோ ஸ்லரி வாங்கியவர் 30,000 கிலோவை ஒட்டிச் சரக்குக் காட்ட வேண்டும். 22,000தான் காட்டினால், மீதி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் கொட்டிய அந்த 600 பாட்டில்களையும் தேதி, அளவு, காரணத்தோடு இன்றே எழுதி வைத்துவிடுங்கள். அழித்த சரக்கை எழுதாமல் விட்டால், பில் போடாமல் விற்றதாகவே பார்ப்பார்கள். அதன் மூலப்பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் திருப்ப வேண்டிவரும்; அதைக் கணக்கரிடம் சொல்லிவிடுங்கள்.

கைப்பேசி பற்றி: மின்னணு ஏடு செல்லும். ஆனால் விதி 57 அதற்குக் காப்புப் பிரதி வேண்டும் என்றும், கேட்டபோது எடுத்துத் தர இயல வேண்டும் என்றும் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 7ஆம் பிரிவும், பின்னாளில் திறந்து பார்க்கக்கூடியதாக, மாற்றப்படாததாக, எங்கிருந்து எப்போது வந்தது என்று அறியக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. பேசிக்கொள்வதற்கான குழுவில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே போட்ட ஒரு படத்தை, ஐந்து ஆண்டும் மூன்று கைப்பேசியும் மாறிய பிறகு உங்களால் தேடி எடுத்துத் தர முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

---

குறிச்சிக் கலவைக்காரர் எழுதியது:

கணக்கர் ஐயா சொன்னதற்கு மேல், கலவைத் தொட்டியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். கோவை குறிச்சி தொழிற்பேட்டையில் இதே வகைச் சரக்குத் தயாரிக்கும் பட்டறையில் 19 ஆண்டுகள் தரம் பார்க்கும் வேலையில் இருந்திருக்கிறேன்.

காங்கயத்து நண்பருக்கு: உங்களுக்கு வந்தது கலவைக் கோளாறாக மட்டும் தெரியலாம், எனக்கு அது ஏட்டுக் கோளாறாகவே படுகிறது. கடைக்காரர் கையில் இருக்கும் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, அது எந்தத் தேதியில், எந்தத் தொட்டியில், எந்தப் பேரல் பைன் ஆயிலில், யார் கையால் கலக்கப்பட்டது என்று பின்னோக்கிப் போக முடிய வேண்டும். அதேபோல், ஒரு பேரல் பைன் ஆயில் மட்டம் என்று தெரிந்தால், அது எந்தெந்தத் தொட்டிக்குப் போய், எந்தெந்தக் கடைக்குப் போனது என்று முன்னோக்கியும் போக முடிய வேண்டும். இரண்டு பக்கமும் கால் மணி நேரத்தில் போய்ச் சேர முடிந்தால் உங்கள் ஏடு சரி. எத்தனை நோட்டு இருக்கிறது என்பது பொருட்டல்ல.

அதற்கு வேண்டியது தொட்டிக்கு ஒரு தாள். நோட்டு வேண்டாம், நோட்டில் பக்கம் நனைந்தால் எல்லாம் போயிற்று. தாளின் தலையில் பேட்ச் எண். நாங்கள் சரக்கின் முதல் எழுத்து, ஆண்டு, மாதம், தேதி, அன்றைய தொட்டி எண் என்ற வரிசையில் போடுவோம்: 'பி 250714-2' என்றால் 2025 ஜூலை 14 அன்று கலந்த இரண்டாம் தொட்டிப் பினாயில். இதே எண் பாட்டிலிலும் ஏற வேண்டும், விற்பனைப் பில்லிலும் ஏற வேண்டும். பில்லில் ஏறாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். நீங்கள் 600 பாட்டிலைத் திரும்ப எடுத்ததற்குக் காரணம் அதுதான். டேலியில் பேட்ச் எண் போடும் வசதி இருக்கிறது. கணக்கரிடம் கேட்டு அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

தாளின் நடுவில், போட்ட ஒவ்வொரு பொருளின் பெயர், அது வந்த பேரலின் எண், நிறுத்த எடை. 'நிறுத்த' என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் ஒரு காலத்தில் அளவுகள் தாளில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். வேலையாள் பக்கத்தில் சரிக்குறி மட்டும் போடுவார். ஆறு மாதம் எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரி இருந்ததாகத் தாள் சொன்னது. ஆனால் பாத்திரம் கழுவும் திரவம் சில நாள் தண்ணீராக ஓடியது. உப்புப் போடப் போட அந்தத் திரவம் கெட்டியாகும். ஓர் அளவைத் தாண்டினால் மறுபடியும் இளகிவிடும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். போதவில்லை என்று நினைத்து இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டவர் சரிக்குறியை மட்டும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அளவுக் கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் தாள் அடிக்கிறோம். தராசில் பார்த்த எண்ணை அவர் கையால் எழுத வேண்டும். 9.85 கிலோ, 10.10 கிலோ என்று எண்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் தாளைத்தான் நான் நம்புவேன். எல்லாம் 10.00 என்று வரிசையாக இருந்தால், அது மாலையில் டீ குடித்துக்கொண்டே எழுதிய தாள்.

தாளின் அடியில் பார்த்த சோதனைகள்: பாத்திரத் திரவத்துக்கும் கைகழுவும் திரவத்துக்கும் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), கெட்டித்தன்மை; ஆசிடுக்கு ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி. பேரலில் வரும் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிடின் ஒப்படர்த்தி சுமார் 1.15 இருக்கும், சித்திரை வெயிலில் மூடி சரியாக அடைக்காமல் வைத்த பேரலில் புகைந்து புகைந்து அது இறங்கிவிடும். ஒப்படர்த்தி பார்க்கும் மிதவைமானி ஒன்றை வாங்கி, பேரல் திறக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மாசித் தொட்டியும் சித்திரைத் தொட்டியும் ஒரே கணக்கில் கலக்கப்பட்டு வெவ்வேறு வீரியத்தில் போகும்.

இப்போது உங்கள் பினாயிலுக்கு வருகிறேன். வெள்ளைப் பினாயில் என்பது பைன் ஆயில் தண்ணீரில் நுண்துளிகளாகப் பரவி நிற்பது. எண்ணெய் மாறினாலும் பிரியும், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் எமல்சிஃபையர் குறைந்தாலும் பிரியும். ஆனால் நம் பக்கத்தில் பெரும்பாலும் பிரிய வைப்பது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பும் மக்னீசியமும், சோப்பு வகை எமல்சிஃபையரைப் பிடித்து வீணாக்கிவிடும். கலந்த அன்று பால் போல இருக்கும். பத்து நாள் கழித்துக் கடையில் பிரியும். உங்கள் ஏட்டில் அன்றைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காததால் யாரும் அதை மூலப்பொருளாக எழுதுவதில்லை. பாட்டிலில் பெரும்பங்கு அதுதான்.

ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு பாட்டிலைச் சீல் வைத்து இருட்டான அலமாரியில் எடுத்து வையுங்கள். புகார் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பிரிந்திருந்தால் கோளாறு நம்முடையது. அது நன்றாக இருந்து கடைச் சரக்கு மட்டும் பிரிந்திருந்தால், கடைக்காரர் வெயிலில் வைத்தாரா என்று கேட்க நமக்கு வாய் இருக்கும்.

---

மேட்டுப்பாளையம் சாலை எழுதியது:

நண்பர் பீரோவில் உள்ள கோப்பைப் பிரித்துப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். முதல் வேலையாக அதைப் பிரியுங்கள். உங்கள் ஆலோசகர் சொன்ன மூன்று ஆண்டு எங்கிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கிறது. அவர் அரைப் பகுதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

கைகழுவும் திரவம் உடலைத் தூய்மை செய்யப் பயன்படுவது; ஆகவே அது அழகுசாதனப் பொருளாகக் கருதப்பட்டு, அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-இன் கீழ் வருகிறது. அங்கே ஒவ்வொரு பேட்சின் விவரத்தையும் அதில் சேர்ந்த மூலப்பொருள் விவரத்தையும் எழுதிக் குறைந்தது மூன்று ஆண்டு காக்க வேண்டும். பினாயிலோ கிருமிநாசினித் திரவம். அது மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம் 1940-இன் கீழ், மருந்து என்ற வகையிலேயே வருகிறது. அதற்கான தரம் 1945ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணை ஓ-வில் உள்ளது. எழுத வேண்டிய ஏட்டின் விவரம் அட்டவணை யூ-வில் உள்ளது. காக்க வேண்டிய காலம் ஐந்து ஆண்டு. ஒரே கொட்டகையில், பத்தடி தள்ளி நிற்கும் இரண்டு தொட்டிகளுக்கு இரண்டு விதமான கெடு. பினாயிலை விற்கும் மளிகைக் கடைக்கு மருந்து விற்பனை உரிமம் வேண்டாம் என்ற விலக்கு உண்டு. அந்த விலக்கைத் தயாரிப்பவர்கள் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு.

பினாயிலின் வீரியத்தை ரிடீல்-வாக்கர் கெழு என்ற எண்ணால் சொல்வார்கள். 1903இல் வந்த முறை அது. டைபாய்டு கிருமியைக் கொல்வதில் பினால் என்ற ரசாயனத்தோடு ஒப்பிட்டால் இந்தத் திரவம் எத்தனை மடங்கு என்பதுதான் அந்த எண். பாட்டிலில் ஓர் எண்ணை அச்சடித்துவிட்டால், அந்த பேட்சுக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற ஆய்வக அறிக்கையும் தாளோடு இணைந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்த ஒரே அறிக்கையை நகலெடுத்து எல்லா பேட்சுக்கும் ஒட்டி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மருத்துவமனைக்கு விற்கும்போது அதைச் செய்யாதீர்கள். அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். லேபிளில் நீங்கள் எழுதும் வாசகமே பொருளின் இனத்தை மாற்றிவிடும். தரை துடைக்கும் வாசனைத் திரவம் என்று விற்றவரை நான் அறிவேன். அச்சகக்காரர் அழகுக்காக '99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும்' என்று சேர்த்து அச்சடித்துக் கொடுத்தார். இவரும் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். கிருமியைக் கொல்லும் என்று சொன்ன பிறகு அது வெறும் வாசனைத் தண்ணீர் இல்லை. உரிமமும் கேட்பார்கள், அந்தத் தசமப் புள்ளிக்குச் சான்றும் கேட்பார்கள். எனவே அச்சடித்த ஒவ்வொரு லேபிளிலும் ஒன்றை, எந்த பேட்சிலிருந்து எந்த பேட்ச் வரை ஒட்டியது என்று எழுதி, கோப்பில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் 69ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் விற்ற நாளிலிருந்து அல்ல. 24 மாதம் ஆயுள் போட்ட பாட்டிலைக் கடைசி மாதத்தில் பயன்படுத்திக் கை வெந்தவர், அதற்குப் பின் இரண்டு ஆண்டு கழித்தும் வரலாம். ஆக நான்கு ஆண்டு. 84ஆம் பிரிவு, தயாரிப்புக் குறை மட்டுமின்றி, போதிய எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது என்பதால், பழைய லேபிள் உங்கள் கையில் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கப் போனால் தவறான கட்டை எரித்துவிடுவோம். எல்லாவற்றையும் கணக்கர் ஐயா சொன்ன அந்த நீண்ட கெடுவுக்கே ஒரே பெட்டியில் போட்டு, வெளியே '31.12.2031-க்கு முன் திறக்கலாம், எறியக் கூடாது' என்று எழுதிவிடுவதுதான் என் வழக்கம்.

---

பவானிக் கரை எழுதியது:

ஆசிட் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நண்பரே, பேரலாக வாங்கும் ஆசிடில் மீதியைப் பக்கத்து நகைப் பட்டறைக்கோ, சாக்கடை அடைப்பு எடுப்பவருக்கோ கேனில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் உங்களிடம் உண்டா? நம் பக்கத்துக் கொட்டகைகளில் இது சாதாரணமாக நடக்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 18.07.2013 அன்று தந்த உத்தரவின்படி, சில்லறையில் ஆசிட் விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முகவரியோடு கூடிய புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். என்ன காரணத்துக்கு வாங்குகிறார் என்பதையும் குறிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கையிருப்பை வருவாய்க் கோட்ட அளவிலான நிர்வாக நடுவருக்கு 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். எந்த முகங்களை நினைத்து அந்த உத்தரவு வந்தது என்பதை அறிந்தவர்கள் இதை வெறும் காகித வேலை என்று சொல்ல மாட்டார்கள். பதிவேடு வைக்க முடியாதென்றால் கேனில் ஊற்றிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது காலிப் பேரல். நீல நிறப் பேரல் என்றால் நம் தோட்டக்காரர்களுக்குக் கொள்ளை ஆசை. தண்ணீர் பிடிக்க, மாட்டுக்குப் புண்ணாக்கு ஊற வைக்க, பஞ்சகவ்யம் போட என்று வாங்கிப் போவார்கள். அபாயமான ரசாயனம் இருந்த காலிப் பேரல்கள், அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன் பட்டியலில் வருகின்றன. அவற்றுக்கு அன்றாடக் குறிப்பைப் படிவம் 3-இலும், ஆண்டறிக்கையைப் படிவம் 4-இல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள்ளும் தர வேண்டும். அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். வாங்கிய பேரல் 40, கையில் இருப்பது 6 என்றால் 34 எங்கே போயிற்று என்ற கேள்விக்கு 'தோட்டத்துக்கு' என்று பதில் சொல்ல முடியாது. ஜனவரி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், ஒரத்துப்பாளையம் அணையில் நின்ற தண்ணீரையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். எங்கள் பக்கத்தில் கழிவு ஏட்டைப் பற்றி அதிகாரிகள் விளையாட்டாகக் கேட்பதில்லை.

எடை அளவைப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தராசின் முத்திரைச் சான்றைக் கோப்பில் வையுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் 15 மில்லி வரைதான் குறைவு பொறுக்கப்படும். மணிக்கு ஒரு பாட்டிலை எடுத்து நிறுத்து எழுதும் சின்னத் தாள் ஒன்று போதும்.

---

நொய்யல் தெற்கு எழுதியது:

நான் திருப்பூரில் துணிக்குச் சாயமேற்றிப் பதப்படுத்தும் தொழிலுக்கான துணை ரசாயனம் தயாரிக்கும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் நாளை ஏற்றுமதி என்று யாராவது ஆசை காட்டினால் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். ரசாயனங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் ஒழுங்குமுறையில் 36ஆம் பிரிவு, ஒரு பொருளைக் கடைசியாகத் தயாரித்த அல்லது விற்ற நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டு தகவல்களைக் காக்கச் சொல்கிறது. இந்தக் கடமை அங்குள்ள இறக்குமதியாளருடையதுதான். ஆனால் அவர் நம்மிடமிருந்து கேட்பார். அமெரிக்காவின் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், தங்கள் ரசாயனத்தால் உடல்நலக் கேடு வந்ததாகத் தொழிலாளர் சொல்லும் புகார்களை அங்குள்ள தயாரிப்பாளர்கள் 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மற்றவர்களின் புகார்களை ஐந்து ஆண்டு.

இதில் எனக்குப் பிடித்தது, புகாரையே ஓர் ஏடாகக் கருதுவது. நம் பட்டறைகளில் கடைக்காரர் தொலைபேசியில் சொன்ன புகார், மாற்றுப் பாட்டில் கொடுத்ததோடு காற்றில் போய்விடுகிறது. 'கை அரிக்கிறது' என்று மூன்று மாதத்தில் மூன்று ஊரிலிருந்து மூன்று பேர் சொன்னால், மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதியவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

மருத்துவமனை கேட்கும் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பொறுத்தவரை, உங்களுக்கு ஆசிடும் ஸ்லரியும் காஸ்டிக் சோடாவும் விற்பவரிடம் அவர் தாளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் அதையே பெயர் மாற்றி உங்கள் சரக்கின் தாளாகக் கொடுத்துவிடாதீர்கள். 30 சதவீத ஆசிடின் எச்சரிக்கையும் உங்கள் கழிவறைத் திரவத்தின் எச்சரிக்கையும் ஒன்றல்ல. பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்ற வரி உங்கள் தாளிலும் பாட்டிலிலும் இருந்தே தீர வேண்டும்.

---

காங்கயம் சுத்தப்பொருள் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே மறுமொழி எழுதாததற்குக் காரணம், குறிச்சி ஐயா கேட்ட அந்தத் தண்ணீர்க் கேள்வி. அதற்கு விடை தேடியதில் நான்கு நாள் போய்விட்டது.

எங்கள் கொட்டகைக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறை வரும். அதைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கலவைக்கு ஊற்றுவோம். அது தீர்ந்துபோனால் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதாவது போர்த் தண்ணீர். அந்தப் போர்த் தண்ணீரில் துவரம் பருப்பு வேகாது என்று என் அம்மா சொல்வார். அப்படியிருந்தும் அதை ஒரு மூலப்பொருளாக நான் நினைத்ததே இல்லை. ஆணி நோட்டில் எந்தத் தண்ணீர் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆனால் என் மனைவி சமையலறை மாதக் காலண்டரில், குழாய்த் தண்ணீர் வந்த நாள்களை நீல மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அடுத்த முறை எப்போது வரும் என்று கணக்குப் பார்ப்பதற்காக. அதை எடுத்து வந்து ஆணி நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்த மாதத்தில் ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவே பதினொரு நாள் இடைவெளி. அந்த இடைவெளியின் கடைசி ஐந்து நாளில் மூன்று தொட்டிப் பினாயில் கலந்திருக்கிறோம். தாராபுரத்துக்கு வண்டி போனது அதற்கு அடுத்த நாள்.

போர்த் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் தனித்தனியே ஒரு லிட்டர் பினாயில் கலந்து, ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு நான்காம் நாள். போர்த் தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தில் நகக்கண் அளவுக்கு மஞ்சள் வளையம் கட்டத் தொடங்கியிருக்கிறது.

திரும்ப எடுத்த 600 பாட்டிலில் 400-க்கு மேல் நல்ல சரக்காக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கொட்டியாகிவிட்டது. அதைத் தேதி, காரணத்தோடு எழுதிக் கணக்கருக்கு அனுப்பிவிட்டேன். பீரோக் கோப்பைப் பிரித்தேன். அதன் மூன்றாம் பக்கத்திலேயே, எழுத வேண்டிய பேட்ச் தாளின் மாதிரி ஒன்று வெற்றுக் கட்டங்களோடு இருந்தது. அதில் 'தண்ணீர்' என்று ஒரு வரியைக் கையால் சேர்த்து, நூறு படி எடுத்து, தொட்டிக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறேன். வேலையாள், 'தண்ணீரையும் எழுதணுமா' என்று கேட்டார்.

நகைப் பட்டறைக்குக் கேனில் ஆசிட் கொடுத்து வந்தது உண்மைதான். நிறுத்திவிட்டேன். காலிப் பேரல் இரண்டு என் மாமனார் தோட்டத்திலேயே இருக்கிறது. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்பதற்கு இங்கே யாரிடமும் விதி இருக்காது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. அந்தக் காலண்டரை என்ன செய்வது? டிசம்பர் முடிந்தால் அதைக் கிழித்துப் பொட்டலம் மடிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

---

ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

அந்த மாதத்துத் தாளைக் கிழிக்காமல், உங்கள் மனைவியிடம் கீழே கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லி வாங்கி, மூன்று தொட்டிகளின் குறிப்போடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள், ஐயா. சரக்கு அழித்ததற்கான காரணத்தைக் காட்டும் ஏடு அது. அதற்கும் அதே 72 மாதம்தான்.